யவனர் நாட்டில் பத்து நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். சரக்கு ரசீதும் வாகன் கணக்கும் எழுதிப் பழகிய கைக்குச் சொற்பொழிவு எழுத வருமா என்று தயங்கினோம். "கிரேக்க நாடு வரை போய் வந்துவிட்டு வாய் மூடியிருந்தால் எப்படி?" என்று செயலாளர் அவர்கள் விடாமல் வற்புறுத்தியதால் இசைந்தோம். எம் துணைவியார் மேடைக்கு வர மறுத்து, முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆயினும் இவ்வுரையில் பாதி அவருடையது. ஆகையால் "நாங்கள்" என்றே பேசுவோம். பிழையேதும் நேர்ந்தால் அது மட்டும் எம் ஒருவருடையது என்று கொள்க.

2025 அக்டோபரில் நாங்கள் புறப்பட்டபோது காலனியில் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "காசி இருக்கிறது, பத்ரிநாத் இருக்கிறது, பாஸ் எழுதினால் செலவில்லாமல் போய் வரலாம். இத்தனை லட்சத்தைக் கொட்டிக் கிரேக்க நாட்டில் என்ன இருக்கிறது?" கேட்டவர்கள் அன்பினாலேயே கேட்டார்கள். அப்போது நாங்கள் சிரித்து மழுப்பினோம். இன்று சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பணம் தபாலாபீசில் மாதந்தோறும் கட்டி வந்த பணம். எதற்காகக் கட்டி வந்தோம் என்பது உங்களில் மூத்த தாய்மார்களுக்குத் தெரியும். எங்களுக்குத் திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன, மக்கட்பேறு இல்லை. ஊரில் அரசமரத்தடியில் நாகப் பிரதிஷ்டை செய்தோம், ராமேசுவரம் போனோம், மூன்று நகரங்களில் மருத்துவமனைகளின் படி ஏறி இறங்கினோம். கடைசிச் சிகிச்சை பலிக்காமல் போன பின், அடுத்த சிகிச்சைக்கென்று வைத்த தொகை கணக்கில் அப்படியே கிடந்தது. அதைத் தொடுவதற்கும் மனமில்லை, விடுவதற்கும் மனமில்லை. இவ்வாறு ஈராண்டு கழிந்த பின் ஒரு நாள் எம் துணைவியார், தாம் எட்டாம் வகுப்பில் படித்த சரித்திரப் புத்தகத்தில் தூண்கள் நிறைந்த ஒரு கோயிலின் படம் இருந்ததென்றும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று அந்த வயதில் ஆசைப்பட்டதாகவும் சொன்னார். இலாகாவின் ஆட்சேபணையில்லாச் சான்று, பாஸ்போர்ட்டு, விசா என்று ஐந்து மாதம் அலைந்ததை இங்கே விரித்தால் நேரம் போதாது.

யவனர் என்பது நமக்குப் புதிய பெயரன்று. அயோனியர் என்னும் கிரேக்க இனத்தார் பெயரே யவனர் என்று திரிந்தது. யவனரின் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு முசிறியிலிருந்து திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு கூறுகிறது. சரக்குப் பிரிவில் பணி புரியும் எமக்கு அதைவிட வியப்பூட்டியது வேறொன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் ஏடு வியன்னா நூலகத்தில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறு பக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்குகளின் எடையும் மதிப்பும். யானைத் தந்தம் இவ்வளவு, நளதம் இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கிறான் யாரோ ஒரு குமாஸ்தா. அவன் பெயர் தெரியவில்லை. குமாஸ்தாக்களின் பெயர் எக்காலத்திலும் தெரிவதில்லை.

ஏதென்ஸ் நகரில் நான்கு நாட்கள் தங்கினோம். அக்ரோபொலிஸ் குன்றுக்கு நுழைவுச் சீட்டு தலைக்கு 30 யூரோ. நம் பணத்தில் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். இன்ன மணிக்குத்தான் உள்ளே வரலாம் என்று சீட்டிலேயே நேரம் குறித்திருக்கிறார்கள். உச்சியில் நிற்பதுதான் பார்த்தெனான், அதாவது எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கோயில். பெரிக்ளீஸ் காலத்தில் கி.மு. 447இல் வேலை தொடங்கி 438இல் கோயில் எழுந்துவிட்டது. சிற்ப வேலை 432 வரை நடந்தது. இக்டினோஸ், கல்லிக்ரட்டீஸ் என்னும் இருவர் கட்ட, பைடியாஸ் சிற்பங்களுக்குத் தலைவனாக இருந்தான். சுற்றிலும் 46 தூண்கள். நேர்க்கோடு போலத் தோன்றும் அடித்தளம் உண்மையில் நடுவில் சிறிது மேடிட்டது. தூண்களும் நடுவில் சிறிது பருத்து, உட்புறமாகச் சிறிது சாய்ந்தவை. இரண்டாயிரம் ஆண்டு இடியாமல் நின்ற கோயில், 1687இல் துருக்கியர் அதனுள் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுவே பிளந்தது.

எஞ்சிய சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியை, துருக்கி அரசவையில் ஆங்கிலத் தூதராக இருந்த எல்ஜின் பிரபு பெயர்த்துக் கொண்டு போனார். 1816 முதல் அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. குன்றின் அடிவாரத்தில் 2009இல் திறந்த புதிய காட்சிசாலையில், இவர்களிடம் உள்ள தேன்நிறப் பளிங்குத் துண்டுகளுக்கு இடையிடையே, லண்டனில் உள்ளவற்றின் வெள்ளைச் சுண்ண வார்ப்புகளைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். ஒட்டுப் போட்ட புடைவை போல அது கண்ணை உறுத்துகிறது. உறுத்தட்டும் என்றே வைத்திருக்கிறார்கள் போலும். வேறொரு கோயிலின் தாழ்வாரத்தைத் தலையில் தாங்கிய ஆறு கன்னியரில் ஐவர் இங்கே நிற்கிறார்கள்; ஆறாமவளின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். எம் துணைவியார் அந்தக் காலி இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு இப்படி இடம் வைத்திருக்க மாட்டார்கள்; தூக்கிக் கொண்டு போன பெண்ணுக்குத்தான் வைப்பார்கள்" என்றார்.

ரயில்வேக்காரருக்கு ஏதென்ஸில் வேறு மகிழ்ச்சியும் உண்டு. துறைமுகமான பிரேயஸிலிருந்து நகருக்கு 1869இல் ஓடத் தொடங்கிய பாதை இன்று மெட்ரோவின் முதல் தடமாக ஓடுகிறது. (நம் ராயபுரம் 1856. பதின்மூன்று ஆண்டு நாமே மூத்தவர்கள்!) மொனாஸ்திராக்கி நிலையத்தின் அடியில் எரிதானோஸ் என்னும் பழைய ஓடை இன்றும் நீரோடு தெரிகிறது. சின்தாக்மா நிலையத்தின் சுவர் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய கல்லறைகளும் நீர்க்குழாய்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மக்கள் அதைத் திரும்பியும் பாராமல் வண்டி பிடிக்க ஓடுகிறார்கள்.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எம் துணைவியார் சைவ உணவினர். முதல் நாள் மாலை ஒரு சிறு கடையில் திராட்சை இலையில் சோறு பொதிந்த பண்டத்தைக் காட்டி, இதில் இறைச்சி உண்டா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டோம். கடைக்காரர் புன்னகையுடன் "நே" என்றார். இந்தி வழங்கும் ஊரில் இருபது ஆண்டு வாழ்ந்த காதுக்கு அது "நஹீ" என்றே விழுந்தது. கிரேக்க மொழியில் "நே" என்றால் ஆம் என்று பொருள்! இல்லை என்பதற்கு "ஓஹி" என்பார்கள்; அல்லது தலையை மேலே நிமிர்த்திப் புருவத்தை உயர்த்துவார்கள். ஒரு வாய் மென்றதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு அன்றிரவு எதுவும் உண்ணவில்லை, பேசவுமில்லை. ஊரில் வைத்த தொகையைக் கொண்டுவந்து இங்கே பட்டினி கிடக்கவா என்று எமக்கே எம்மேல் வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை விடுதியின் முதிய அம்மையார் செய்தியைக் கேட்டு, "நிஸ்தீசிமோ" என்று ஒரு சொல்லை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். விரத உணவு என்பது அதன் பொருள். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல நாட்கள் விரதம் இருப்பவர்கள். அந்நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொடமாட்டார்கள். அதனால் எல்லாக் கடைக்காரருக்கும் அச்சொல் தெரியும். ஆனால் அன்பர்களே, ஓர் எச்சரிக்கை: இரத்தமில்லாத பிராணிகள் என்று கணவாயையும் சிப்பியையும் விரத உணவில் சேர்த்துவிடுகிறார்கள். எனவே அச்சொல்லோடு கடலையும் விலக்கிக் கேட்க வேண்டும்.

அதன்பின் குறையே இல்லை. சாந்தொரீனித் தீவில் விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்துக் குழைத்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் இட்டுத் தருகிறார்கள். "ஃபாவா" என்று பெயர். நம் பருப்புக் கடைசலே அது. பெருங்காயம் ஒன்றுதான் குறை. பெரிய வெள்ளை அவரைக் கொட்டையைத் தக்காளியோடு அடுப்பில் வேகவைத்தது, கீரை பொதிந்த மொறுமொறுப்பான தட்டை, தயிரில் வெள்ளரியும் பூண்டும் சேர்த்த பச்சடி, அரிசிப் பாயசத்தைக் குளிர வைத்து மேலே பட்டைத்தூள் தூவியது ஆகியவற்றை உண்டோம். காப்பியைச் சிறு பித்தளைக் கிண்ணத்தில் வண்டலோடு காய்ச்சித் தருகிறார்கள். வண்டல் அடியில் தங்கும் வரை பொறுத்திருக்கத் தெரிய வேண்டும். எமக்கு மூன்று நாள் ஆயிற்று.

பெரிக்ளீஸ் இதையெல்லாம் உண்டானா என்றால், பாதிகூட இல்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் மிளகாயும் 1492க்குப் பிறகே அமெரிக்காவிலிருந்து இப்பக்கம் வந்தவை. பழைய கிரேக்கர் வாற்கோதுமைக் களியும் அப்பமும், ஆலிவ், அத்திப்பழம், பாலாடைக்கட்டி, மீன், பருப்பு வகைகளும் உண்டார்கள். திராட்சை மதுவைத் தண்ணீர் கலந்தே அருந்தினார்கள். மிளகு அவர்களுக்கு முதலில் மருந்தாகவே தெரிந்திருந்தது. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் அதை இந்திய மருந்து என்று குறிக்கின்றன. நம் சாம்பாரிலும் மிளகாய்க்கு ஐந்நூறு வயது நிரம்பவில்லை என்பதை நினைத்தால், இருவர் சமையலும் ஒரே வண்டியில் ஏறி வந்தது போலத் தோன்றுகிறது.

டெல்பிக்குப் போன நாள் முழுதும் மழை. குறி சொன்ன கோயிலின் ஆறு தூண்களை மேகத்துக்குள்ளேதான் பார்த்தோம். காட்சிசாலையில் ஆளுயர வெண்கலத் தேரோட்டி ஒருவன் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்கிறான். தேரும் குதிரைகளும் போய்விட்டன. கண்ணில் பதித்த கண்மணி மட்டும் இன்றும் மங்கவில்லை.

ஐந்தாம் நாள் கொரிந்துக்குப் பேருந்தில் சென்றோம். அங்கே பலரும் பார்ப்பது 1893இல் திறந்த கால்வாயை. பாறையைச் செங்குத்தாக அறுத்து இரு கடல்களை இணைத்திருக்கிறார்கள். நீளம் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கி.பி. 67இல் நீரோ மன்னன் தானே முதல் வெட்டு வெட்டித் தொடங்கி, கைவிட்ட வேலை அது. நாங்கள் பார்க்க விரும்பியது கால்வாயன்று; அதன் மேற்கு முனையில் உள்ள தியோல்கோஸ்.

தெற்கே மலேயா முனையைச் சுற்றிக் கொண்டு போகக் கப்பலோட்டிகள் அஞ்சினார்கள். ஆகவே கி.மு. 600 அளவில், இரு கடல்களுக்கும் இடையிலுள்ள குறுகிய நிலத்தின் மேல் கல் பாவிய ஒரு பாதையிட்டு, சரக்கையும் சில காலங்களில் படகுகளையுமே சக்கர வண்டியில் ஏற்றி இழுத்தார்கள். சக்கரம் விலகாதபடி கல்லில் இரண்டு பள்ளக் கோடுகள் இருக்கின்றன. தண்டவாளத்துக்கு முப்பாட்டன் அதுவே என்கிறார்கள். 1956 முதல் 1962 வரை வெர்தெலிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். அக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 1.60 மீட்டர். நம் அகலப் பாதையோ 1.676 மீட்டர். மூன்று அங்குலந்தான் வேற்றுமை! கரையோரம் நின்று அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தோம். அதாவது எம்மில் ஒருவர் பார்த்தார், மற்றவர் பொறுத்துக் கொண்டார். கால்வாயில் போகும் கப்பல்களின் அலை பல ஆண்டுகளாக அரித்து, கற்களில் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்துவிட்டது. பார்க்க எங்கள் இருவரைத் தவிர அன்று யாரும் இல்லை.

ஏதென்ஸுக்கு மேற்கே தியாகொப்தோ என்னும் ஊரிலிருந்து 1896 முதல் பல்சக்கர மலை ரயில் ஒன்று இருக்கிறது. நம் நீலகிரி ரயிலைப் போலவே அப்ட் முறையில் அமைந்தது. அதற்கென ஒரு நாள் திட்டத்தில் இல்லாமற் போனது எம் குறை. திட்டம் வகுத்தவர் முன் வரிசையில் இருக்கிறார்.

மைசீனியில் சிங்க வாயிலைக் கண்டோம். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல் வாயில். மேலே இரு சிங்கங்கள் தலையிழந்து நிற்கின்றன. 1876இல் ஷ்லீமன் அங்கே தோண்டியெடுத்த பொன் முகமூடியை ஏதென்ஸில் முன்பே பார்த்திருந்தோம். அது அகமெம்னானின் முகமென்று அவர் நம்பினார். அகமெம்னான் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கு அது மிக முற்பட்டது என்று பின்னவர் கண்டார்கள்.

அங்கிருந்து எபிடாரஸ். பெரிய அரங்கத்தைப் பார்க்கவே எல்லோரும் அங்கே வருகிறார்கள். நாங்களும் அதற்காகவே போனோம். ஆனால் அரங்கத்துக்குப் பக்கத்தில் பைன் மரங்களுக்கிடையே கிடப்பது அஸ்க்ளேப்பியஸ் என்னும் மருத்துவக் கடவுளின் தலம். நோயாளிகள் நீராடி, காணிக்கை செலுத்தி, இரவில் "அபாடன்" என்னும் நீண்ட மண்டபத்தில் படுத்துறங்குவார்கள். கனவில் கடவுள் வந்து நோய் தீர்ப்பார். நம் கோயில்களில் கண்மலரும் உருவாரமும் சாற்றுவது போல, குணமானவர்கள் அந்தந்த உறுப்பை மண்ணிலும் கல்லிலும் செய்து வைப்பார்கள். கடவுளின் அடையாளம் பாம்பு. நஞ்சில்லாத பாம்புகள் அங்கே உலவின.

குணமான கதைகளைக் கல்லில் பொறித்து நிறுத்தியிருந்தார்கள். 1881இல் தொடங்கிய அகழ்வில் அவை கிடைத்தன. நாங்கள் வாங்கிய வழிகாட்டி நூலில் சில கதைகள் இருந்தன. மண்டபத்தின் படியில் உட்கார்ந்து எம் துணைவியார் படித்துச் சொன்னார். பெல்லினி ஊரின் இத்மோனிகா என்பவள் பெண் மகவைக் கருவுற வேண்டுமென்று கேட்டாள், "வேறேதும் வேண்டுமா?" என்று கடவுள் கேட்க, வேண்டாமென்றாள். கருவுற்றாள், மூன்றாண்டு ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. திரும்பி வந்து முறையிட்டபோது, "கருவுறத்தானே கேட்டாய், பெறுவதைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றாராம்! இலாகாவுக்கு மனுப் போட்டுப் பழகிய எமக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவரும் சிரித்தார்.

அடுத்த கதை, கியோஸ் தீவின் அகமேதா பிள்ளை வேண்டி வந்து உறங்கியது. கனவில் ஒரு பாம்பு அவள் வயிற்றின் மேல் கிடந்ததாம். பின்னர் ஐந்து பிள்ளைகள் பிறந்தார்களாம். அதைப் படித்ததும் அவர் நூலை மூடிவிட்டார். அரசமரத்தடியில் நாங்கள் பிரதிஷ்டை செய்த நாகத்தை அவர் நினைத்திருப்பார். நாமும் அதையே நினைத்தோம். "எத்தனை தூரத்திலிருந்து நடந்து வந்திருப்பார்கள், பாவம்" என்றார். "பிள்ளை பிறக்காமல் திரும்பிப் போனவர்கள் பெயரைக் கல்லில் வெட்டவில்லையே" என்று மேலும் சொன்னார். எமக்கு மறுமொழி தெரியவில்லை.

பிறகு அரங்கத்துக்குச் சென்றோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டியது. மலைச்சரிவில் 55 வரிசைக் கல்லாசனங்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். நடுவட்டத்தில் நின்று மெல்ல முணுமுணுத்தாலும் கடைசி வரிசை வரை கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வது மிகை. 2017இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்து, முணுமுணுப்பு அவ்வளவு தூரம் எட்டாதென்று சொன்னார்கள். ஆனால் குரலைச் சற்று உயர்த்திப் பேசினால் எங்கும் தெளிவாகக் கேட்கிறது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வட்டத்தின் நடுவில் நின்று கைதட்டுவதும் காசைப் போடுவதுமாக இருந்தார்கள். நாம் மேலேறி நடுவழியில் உட்கார்ந்தோம். அவர் முறை வந்தது. பாட்டுப் பாடப் போகிறார் என்று எதிர்பார்த்தோம். மார்கழியில் நம் சங்கத்தில் அவர் பாடிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் பாடவில்லை. நிமிர்ந்து எம்மைத் தேடிப் பார்த்துவிட்டு, தமிழில் சொன்னார்: "போதும். இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம்."

சுற்றியிருந்த ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஏதோ கவிதை என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த முடிவை நாங்கள் வாய்விட்டுப் பேசிக் கொண்டதில்லை. முதலில் சொல்பவர் மற்றவர் நெஞ்சை உடைத்தவராவார் என்று இருவரும் அஞ்சியிருந்தோம். இதைச் சபையில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டோம். "சொல்லுங்கள், இனிமேலாவது யாரும் புது டாக்டர் விலாசம் கொண்டு வராமல் இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டோம்.

அன்றிரவு நாஃப்ப்ளியோ என்னும் துறைமுக ஊரில் கடலைப் பார்த்தபடி உண்டோம். கடைசியில் கடைக்காரர் காசு வாங்காமல் ஆளுக்கொரு துண்டு இனிப்புக் கொண்டு வைத்தார். வாயில் இட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ரவா கேசரி! நெய்க்குப் பதில் எண்ணெய், ஏலத்துக்குப் பதில் பட்டை, அவ்வளவே. அளவு கேட்டபோது கடைக்காரர் விரல் விட்டு எண்ணினார்: எண்ணெய் ஒன்று, ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நான்கு. ரவையை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, கொதிக்கும் பாகை அதன் மேல் ஊற்ற வேண்டும். கொப்பளித்துத் தெறிக்கும், கை பத்திரம். ஆறியபின் அச்சில் கவிழ்க்க வேண்டும்.

இன்று காலை எம் துணைவியாரும் பக்கத்து வீட்டு அம்மாளும் ஐந்து கிலோ ரவையில் அதைச் செய்திருக்கிறார்கள். பந்தியில் தயிர் சாதத்துக்குப் பின் வரும். ஆலிவ் எண்ணெய் இவ்வூரில் விற்கும் விலைக்குக் கட்டுப்படி ஆகாததால் பாதிக்கு நெய் சேர்த்திருக்கிறது; கிரேக்கர் மன்னிப்பார்களாக.